மேல் குழாயில் சூடு தெரியவில்லை என்று நீ எழுதியபோது

மகனுக்கு,

இந்தக் கடிதம் நீளமாகத்தான் இருக்கும். ஒரே இருப்பில் வாசிக்க நேரமில்லாவிட்டால் லொறியில் வைத்துக்கொண்டு, நெல் மூட்டை ஏற்றும் நேரங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வாசி. நான் எழுதுவதும் அப்படித்தான். பென்சிலைச் சுற்றித் துணி கட்டிப் பருக்க வைத்திருக்கிறேன். அது என் விரல்களுக்குள் இருக்கிறதா, நழுவிவிட்டதா என்பதைக் கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். நான் இந்தத் தீவு ஆஸ்பத்திரிக்கு வந்தபோது நீ பாலர் வகுப்பில் படித்துக்கொண்டிருந்தாய். இன்று உனக்குக் கல்யாணம் பேசி முடிந்திருக்கிறது. இடையில் எத்தனையோ கடிதம் எழுதினேன், ஆனால் எழுத வேண்டியதை எழுதவில்லை. ஊசி போடுகிறார்கள், காய்ச்சல் இல்லை, அம்மாவைப் பார்த்துக்கொள், இதற்கு மேல் அவை போனதில்லை. இங்கிருந்து போகும் காகிதத்துக்குப் புகை காட்டித்தான் தோணியில் அனுப்புவார்கள். அதிகம் எழுதினால் அந்த மணத்தோடு அதிக நேரம் நீ அதைக் கையில் பிடித்திருக்க வேண்டிவருமே என்று நினைத்துச் சுருக்கிவிடுவேன். இந்த முறை சுருக்கப் போவதில்லை.

பங்குனியில் நீ எழுதியதிலிருந்து தொடங்குகிறேன். அதில் இரண்டு செய்திகள் இருந்தன. நெல் ஏற்றப் போகும் லொறி வழியில் கொதிக்கிறது என்பது ஒன்று. கொக்கட்டிச்சோலையில் உனக்குப் பெண் பேசியிருக்கிறது என்பது மற்றது. எந்தத் தகப்பனும் இரண்டாவது செய்தியைத்தான் திரும்பத் திரும்ப வாசிப்பான். நான் முதலாவதிலேயே நின்றுவிட்டேன். "தண்ணீர் குறையவில்லை, விசிறிப் பட்டி இறுக்கமாக இருக்கிறது. உங்களைப் பார்க்க வந்தபோது நீங்கள் சொல்லித் தந்தபடி எஞ்சினை ஓடவிட்டுக் கையை வைத்துப் பார்த்தேன் அப்பா. அடியில் மட்டுமல்ல, மேல் குழாயிலும் சூடு தெரியவில்லை. ரேடியேட்டர் முழுக்கக் குளிர்ந்துதான் கிடக்கிறது. ஆனால் ஆவி பறக்கிறது" என்று எழுதியிருந்தாய். கடிதத்தை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு துறையடியில் போய் இருந்தேன். சாப்பாட்டு மணி அடித்தும் எழும்பவில்லை. அவை என்னுடைய சொற்கள், மகன். முன்பு ஒரு நாள் நம் வீட்டு முற்றத்தில் நின்று உன் அம்மாவிடம் நான் சொன்ன அதே சொற்கள்.

அந்த நாளைப் பற்றி அம்மா உனக்குச் சொல்லியிருக்க மாட்டாள். அப்போது நான் ஏறாவூர் முதலாளியின் ஹயர் கார் ஓட்டினேன். அவருடைய லொறியைத்தானே இன்று நீ ஓட்டுகிறாய், அவர் குணம் உனக்குத் தெரியும். புளியந்தீவிலிருந்து கல்முனை வரை என் ஓட்டம். அது பழைய கார், தண்ணீரைத் தள்ளுவதற்கு அதில் பம்ப் கிடையாது. எஞ்சினைச் சுற்றி நிற்கும் தண்ணீர் சூடேறியதும் தானாகவே மேலெழுந்து, மேல் குழாய் வழியே ரேடியேட்டரின் தலைக்குப் போகும். அங்கிருந்து மெல்லிய குழல்களால் இறங்கும்போது காற்றுப்பட்டு ஆறி, அடிக் குழாய் வழியே திரும்பவும் எஞ்சினுக்குள் வரும். இந்தச் சுற்று எங்கே தடைப்பட்டாலும் கார் கொதிக்கும். எங்கே தடை என்று கண்டுபிடிக்க எந்தக் கருவியும் என்னிடம் இருக்கவில்லை, இந்தக் கைதான் இருந்தது. ஆறிய எஞ்சினை ஓடவிட்டு, முதலில் மேல் குழாயைப் பிடிப்பேன். அது சூடாகும். பிறகு ரேடியேட்டரின் முகத்தில் கையை மெதுவாக மேலிருந்து கீழே கொண்டு வருவேன். சூடு படிப்படியாகக் குறைந்துகொண்டு வந்தால் சுற்று சரி. இடையில் ஒரு திட்டு மட்டும் குளிர்ந்து கிடந்தால் அந்த இடத்துக் குழல்கள் அடைபட்டுப் போயின என்று அர்த்தம்.

ஒருமுறை முதலாளியின் வேறொரு சாரதி, வழியில் கார் கொதித்தபோது கிணறு தேடப் பஞ்சிப்பட்டு, பக்கத்திலிருந்த வாவித் தண்ணீரை அள்ளி வார்த்துவிட்டான். உப்புத் தண்ணீர் ரேடியேட்டருக்கு எமன். பிறகு அந்தக் கார் எந்த மேட்டில் ஏறினாலும் கொதித்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டார். கையை வைத்துப் பார்த்தேன், வலது பக்கத்தில் ஒரு வெற்றிலை அகலத்துக்குக் குளிர். சோக்கட்டியால் அந்த இடத்தைச் சுற்றிக் கோடு போட்டுக் கொடுத்தேன். பட்டறையில் கழற்றினபோது அந்தக் கோட்டுக்குள் இருந்த குழல்கள்தான் உப்பும் சேறும் இறுகிப்போய்க் கிடந்தன. "நான் இனி ஒருத்தரிட்டயும் காட்டமாட்டன். இவன் கைய வெச்சுச் சொன்னா அதுதான் முடிவு" என்று முதலாளி கடையில் இருந்தவர்கள் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அன்று வீட்டுக்கு வந்து உன்னை மடியில் இருத்தி, உன் கையை என் கைக்குள் வைத்துக்கொண்டு அதைச் சொன்னேன். உனக்கு விளங்கியிருக்காது. எனக்கு யாரிடமாவது சொல்ல வேண்டியிருந்தது.

அதற்கு அடுத்த வருடம் எங்கள் காரே கொதிக்கத் தொடங்கியது. மறுநாள் ஒரு கல்யாணத்துக்கு ஓட்டம் இருந்தது. காரை முற்றத்துக்குக் கொண்டுவந்து, ஆறவிட்டு, எஞ்சினை ஓடவிட்டு மேல் குழாயைப் பிடித்தேன். சூடில்லை. ரேடியேட்டரின் தலையில் கை வைத்தேன், அங்கேயும் சூடில்லை. தண்ணீர் நகரவே இல்லை என்று முடிவு கட்டினேன். ரேடியேட்டரைக் கழற்றி, சலவைச் சோடா போட்டுக் கழுவி, தலைகீழாகப் பிடித்துத் தண்ணீர் வார்த்தேன். தடையில்லாமல் ஓடியது. திரும்பப் பூட்டினேன், திரும்பவும் குளிர். குழாய்களைக் கழற்றி உள்ளே கம்பி விட்டுப் பார்த்தேன், அவையும் சுத்தம். மத்தியானம் திரும்பிவிட்டது. உன் அம்மா கிணற்றடியிலிருந்து குடத்தைச் சுமந்து சுமந்து வந்தாள். நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். "மேல் குழாயிலயும் சூடு தெரியல்ல. முழுக்கக் குளிர்ந்துதான் கிடக்கு. ஆனா ஆவி பறக்குது. இப்பிடி ஒரு கூத்த நான் கண்டதில்ல" என்று அவளிடம் சொன்னேன். அவள் குடத்தை இறக்கி வைக்கக் குனிந்தவள், நிலை தவறாமல் இருக்க ரேடியேட்டரின் தலையில் கையை ஊன்றினாள். ஊன்றின கையைக் கத்திக்கொண்டு இழுத்தாள்.

"இஞ்சாருங்க, இது அடுப்பு மாதிரிச் சுடுது!"

"விசர்க் கதை கதைக்காத. இஞ்ச பார்" என்று சொல்லி, அவளுக்குக் காட்டுவதற்காக என் உள்ளங்கையை அதே இடத்தில் வைத்து அழுத்திப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் திருப்பினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளித்து, தோல் வெந்து வெளுத்திருந்தது. காலையிலிருந்து எத்தனை தரம் அப்படிப் பிடித்தேனோ தெரியாது. ரேடியேட்டருக்கு வார்க்கக் கொண்டுவந்த தண்ணீரை அவள் என் கையில் வார்த்தாள். குடம் முடியும் வரை வார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "எப்ப தொடக்கம்?" என்று கேட்டாள். விரலிடுக்கில் பீடி எரிந்து முடிந்ததை மணம் வந்த பிறகே கண்டது நினைவுக்கு வந்தது. முதுகில் வெளிறிக் கிடந்த இடத்தைத் தேமல் என்று அவள் மஞ்சள் பூசி வந்ததும் நினைவுக்கு வந்தது. காரில் விசிறிப் பட்டி தளர்ந்திருந்ததுதான் பிழை என்று அடுத்த நாள் வேறொருவர் வந்து சொன்னார். ஒரு சின்னப் பிழை. வெந்த கையைக் காட்டப் போன இடத்தில் டாக்டர் ஐயா அதில் ஊசியால் குத்திக்கொண்டு, "இப்ப தெரியுதா? இப்ப?" என்று கேட்டபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, தெரியாததையெல்லாம் தெரிகிறது என்று சொன்னேன். அவர் குத்துவதை நிறுத்திவிட்ட பிறகும் தெரிகிறது என்று சொல்லியிருக்கிறேன். அப்படித்தான் நான் இங்கே வந்தேன்.

உன் வரிகளை வாசித்ததும் நான் ஏன் சாப்பிடப் போகவில்லை என்று இப்போது உனக்கு விளங்கும். நான் அறிந்த மட்டில், ஓடும் எஞ்சினில் மேல் குழாய் சுடாமல் இருக்காது. சுடாவிட்டால் பிழை குழாயில் இல்லை, தொட்ட கையில். என் வாழ்க்கையில் நான் கண்டது அந்த ஒன்றைத்தான். அன்று பின்னேரம் முழுக்க, உன்னை எந்தக் கையால் தூக்கினேன், எந்தக் கோப்பையில் மிச்சம் வைத்த தேத்தண்ணியை நீ குடித்தாய், காய்ச்சலில் கிடந்தபோது எந்தப் பாயில் உன்னோடு படுத்தேன் என்று ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். உன்னைத் தூக்கிய நாட்களைத்தான் இத்தனை வருடமும் இங்கே வைத்து வைத்து நினைத்துக்கொண்டிருந்தேன். அதைத் தவிர எனக்கென்று ஒன்றும் இருக்கவில்லை. அந்த நாட்களையே அன்று பயந்து பயந்து பார்த்தேன். பிறகு நாலு வரி எழுதினேன். "வேறு யாரையாவது தொட்டுப் பார்க்கச் சொல். அவர்களுக்குச் சுடுகிறதா என்று கேள். அது தெரியும்வரை கல்யாணத்துக்கு நாள் வைக்காதே. பதில் உடனே எழுது." காரணம் எழுதவில்லை. காரணத்தை எழுத முடியாமல் பென்சிலை வைத்துவிட்டேன்.

பிறகு உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. சித்திரை பிறந்தது. அம்மாவும் வரவில்லை. அந்த நாட்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீ லொறி ஓட்டத் தொடங்கிய நாள் முதல், வாவிக்கரை வீதியால் போகும்போதெல்லாம் ஹோர்ன் அடித்துவிட்டுப் போவாய். அம்மா சொன்னாளோ, நீயாகச் செய்தாயோ தெரியாது. தண்ணீருக்கு மேலால் சத்தம் நன்றாக வரும். இங்கே இருப்பவர்கள் எல்லோருக்கும் அது என் மகனின் லொறி என்று தெரியும். "அண்ணன், உங்கட புள்ள போறார்" என்று பக்கத்துக் கட்டில்காரர் சொல்லுவார். நான் கேட்காதது போல இருந்துவிட்டு, பிறகு எழும்பி வெளியே போய் நிற்பேன். பார்ப்பதற்கு ஒன்றும் இருக்காது. அக்கரையில் தென்னைகளும், அவற்றுக்குப் பின்னால் கொஞ்சம் புழுதியும். அந்தச் சித்திரையில் லொறிகள் போயின, ஹோர்ன் கேட்கவில்லை. எஞ்சின் சத்தத்தை வைத்து எது உன்னுடையது என்று கண்டுபிடிக்கப் பார்த்தேன். உன் லொறியின் சத்தம் எனக்குத் தெரியாது. அதன் அருகில் நான் ஒருநாளும் நின்றதில்லை.

வைகாசி முதல் கிழமையில் தோணியில் நீ தனியாக வந்து இறங்கினாய். பார்க்க வருகிறவர்களின் கொட்டிலுக்கும் எங்கள் கொட்டிலுக்கும் நடுவில் இருக்கும் மர வேலியருகே நின்றாய். உன் தாடையைப் பார்த்ததும் என் தகப்பனைப் பார்த்தது போல இருந்தது. நீ கும்பிட்டாய், நானும் கும்பிட்டேன். அதன் பிறகு நடந்த பேச்சை நான் தினமும் நினைத்துப் பார்ப்பதால் ஒரு சொல் தப்பாமல் எழுத முடியும்.

"நீங்க எழுதினது ரேடியேட்டரப் பத்தி இல்ல அப்பா, என்ட கையப் பத்தி எண்டு எனக்கு வாசிச்ச உடனேயே விளங்கிற்று" என்று சொன்னாய். "கடிதம் வந்த நாளில இருந்து தேத்தண்ணிக் கோப்பையப் பிடிச்சுப் பிடிச்சுப் பார்த்தன். சுடுற மாதிரித்தான் இரிக்கி. ஆனா உண்மையாச் சுடுதா, சுடுது எண்டு நான் நினைக்கிறனா எண்டு ஒரு சந்தேகம். அதுக்குப் பொறகு ஒண்டும் புடிபடல்ல."

"அம்மாவத் தொட்டுப் பாக்கச் சொல்லியிருக்கலாமே?"

"அம்மாட்டச் சொன்னா அண்டைக்கே படுக்கையில விழுந்திருவா. நான் பூரணத்தக் கேட்டன்."

பூரணம் என்பது நீ கட்டிக்கொள்ளப் போகும் பெண்ணின் பெயர் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. உன் கடிதத்தில் நீ பெயர் எழுதவில்லை.

"ஏன் அவவக் கேட்டாய்?"

"அவதானே தெரிஞ்சிரிக்கணும்" என்று சொன்னாய்.

பிறகு நடந்ததைச் சொன்னாய். மண்முனைத் துறையில் பாதை என்று நாங்கள் சொல்லும் அந்த மிதவையில் லொறியை ஏற்றி வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரைக்குப் போயிருக்கிறாய். பூரணத்தின் தகப்பனுடைய வயல் வட்டையில் நெல் ஏற்ற வேண்டும். அவர் வீட்டு வாசலில் லொறி கொதித்து நின்றது. ஆவி அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தாய். தகப்பனும் மகளும் தண்ணீர்க் குடத்தோடு வந்தார்கள். எஞ்சினைத் திரும்ப ஓடவிட்டு, எவரும் தொடுவதற்கு முன், நின்றபடியே எல்லாவற்றையும் அவர்களிடம் சொல்லிவிட்டாய். அப்பா மலாயாவில் இல்லை, யுத்தத்தால் செய்தி இல்லாமல் போகவும் இல்லை, குஷ்டரோகம் வந்து வாவி நடுவில் தீவு ஆஸ்பத்திரியில் இருக்கிறார், எனக்கும் கையில் சூடு தெரியவில்லையோ என்று அவர் பயப்படுகிறார் என்று. பெண் வீட்டாருக்குச் சொல்ல அந்த மலாயாக் கதையை அம்மாவும் உன் தாய்மாமனும் சேர்ந்து கட்டியதைப் பற்றி எனக்கு வருத்தமில்லை. நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

"அவட அப்பா என்ன சொன்னார்?"

"'புள்ள, நீ உள்ள போ' எண்டார்."

"போனாவா?"

"போகல்ல. வந்து மேல் குழாயப் புடிச்சா. பொறகு ரேடியேட்டர்ல ரெண்டு கையையும் வெச்சா. மேல, கீழ, ஓரம் எல்லாம் தடவிப் பார்த்தா. 'குளிராத்தான் இரிக்கி. பச்சத் தண்ணிப் பானை மாதிரி' எண்டா. பொறகு குழாய் எஞ்சினில பொருந்துற இடத்துக்குப் பக்கத்தில கை வெச்சவ, கத்திக்கொண்டு எடுத்தா. நானும் வெச்சன். எனக்கும் சுட்டது அப்பா. நல்லாச் சுட்டது. பாருங்க."

வேலிக்கு மேலால் கையை நீட்டிக் காட்டினாய். விரல் நுனிகளில் தோல் உரிந்து, அடியில் புதுத் தோல் சிவந்து தெரிந்தது. உன் கை சுட்டிருப்பதைக் கண்டு நான் அழுதேன். நீ அதை வேறு விதமாக நினைத்திருக்கக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன், அது சந்தோஷம்.

எஞ்சின் பக்கம் சுடுகிறது, குழாய் சுடவில்லை, ஆகவே தடை இரண்டுக்கும் நடுவில் என்று நீ கண்டுபிடித்ததைக் கேட்டபோது எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. அந்த இணைப்பைக் கழற்றினால் உள்ளே பித்தளையில், சுண்ணாம்புச் சிமிழ் அளவில் ஒரு கதவு. குளிர் நாடுகளில் எஞ்சின் கெதியாகச் சூடேறட்டும் என்று வைத்த கதவு, தண்ணீர் சூடானதும் தானாகத் திறக்க வேண்டியது. பட்டறையில் அதைத் தெர்மோஸ்டாட் என்று சொல்கிறார்களாம். எங்கள் பழைய காரில் அப்படி ஒன்று இருக்கவில்லை, எனக்குத் தெரியாமல் போனது அதனால்தான். திறக்கிறதா என்று பார்க்க அதைப் பூரணத்தின் தாயுடைய அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த உலைப் பானைக்குள் போட்டீர்களாமே. உலை துள்ளியும் கதவு அசையவில்லை. "மாமி இனி அந்தப் பானையில சமைக்க ஒண்ணா எண்டு சொல்லிப்போட்டா" என்று நீ சிரித்தாய். உன் சிரிப்பு எப்படி இருக்கும் என்பதை நான் மறந்துபோயிருந்தேன். கதவைக் கழற்றி வைத்துவிட்டுப் பூட்டினதும் லொறி மூட்டைகளோடு துறை வரை கொதிக்காமல் ஓடியது.

பூரணத்தின் தகப்பன் அன்று உன்னோடு பேசவில்லை என்றும் சொன்னாய். நெல்லை ஏற்றிவிட்டுப் போகலாம் என்று கையால் காட்டினாராம். அதுதான் முடிவு என்று நினைத்துத் திரும்பிவிட்டாய், அம்மாவிடமும் சொல்லவில்லை. அந்த நாட்களில்தான் நீ ஹோர்ன் அடிக்காமல் போயிருக்கிறாய். பிறகு ஒரு நாள் அவர் தானாகவே தோணி பிடித்து நம் வீட்டுக்கு வந்து, உன்னைப் புளியந்தீவுக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டியிருக்கிறார். ஊசியால் குத்தும் இடத்தில் அவரும் பக்கத்தில் நின்றிருக்கிறார். உனக்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகு, வெளியே வந்து, "கல்யாணத்துக்கு நாள் வெப்பம். ஆனா தம்பி, உங்கட அப்பா எங்க இரிக்கார் எண்டத எங்கட ஆக்களுக்கு என்ட வாயாலதான் சொல்லுவன். பொறத்தியார் சொல்லி அவங்க கேக்க ஒண்ணா" என்றாராம். நான் அந்த மனிதரைக் கண்டதில்லை. காண்பேன் என்றும் நினைக்கவில்லை. அவர் இருக்கும் திசையைப் பார்த்து ஒருமுறை கும்பிட்டுவிட்டேன் என்று சந்தர்ப்பம் வந்தால் சொல்.

அதற்குப் பிறகுதான் நீ அதைக் கேட்டாய். "கல்யாணம் முடிஞ்சதும் பூரணத்தக் கூட்டிக்கொண்டு வரட்டா அப்பா? அவதான் கேக்கச் சொன்னா." நான் "வேண்டாம்" என்றேன். ஏன் என்று நீ கேட்பதற்குள் திரும்பி நடந்துவிட்டேன். தோணி புறப்படும் சத்தம் கேட்டும் வெளியே வரவில்லை. காரணம் பெரிதாக ஒன்றுமில்லை, மகன். நீ என் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக மாறக் கண்டவன். அவள் ஒரே நாளில் காண வேண்டும். அவள் கண்ணில் தெரியப் போவதைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

போன கிழமை அம்மா வந்தாள். நீ ஒன்றும் சொல்லாமல் வீட்டில் முகத்தைத் தூக்கிக்கொண்டு திரிவதால் தானே கேட்டுத் தெரிந்துகொண்டு வந்ததாகச் சொன்னாள். வேலியருகே இருந்துகொண்டு வெற்றிலையை மடித்தபடி, என்னைப் பார்க்காமலே பேசினாள்.

"அந்தப் புள்ளைக்குப் பயமில்ல. பயம் உங்களுக்குத்தான்."

"எனக்கென்ன பயம்?"

"நான் இத்தின வருசமா வாறன். நான் உங்கட மூஞ்சயப் பார்த்து எப்பயாவது எழும்பிப் போனனா?"

"நீ வேற, அவ வேற."

"ஓம், வேறதான். எனக்கு உங்களக் கட்டினதுக்குப் பொறகு தெரியும். அவ தெரிஞ்சுகொண்டு கட்டுறா. அப்பிடி ஒருத்தி வாறன் எண்டு சொல்ல, வேண்டாம் எண்டு சொல்ல உங்களுக்கு எப்பிடி மனம் வந்த?"

தோணிக்காரன் கூப்பிட்டதும் அவள் எழும்பினாள். போகும்போது இன்னொன்றும் சொன்னாள். நம் பக்கத்து வழக்கப்படி நீ பெண் வீட்டுக்குக் குடிபோய்விடுவாய், ஆவணியில் கல்யாணம் முடிந்த பிறகு வீட்டில் தான் தனியாகத்தான் இருக்க வேண்டும் என்று சொன்னாள். முறைப்பாடாகச் சொல்லவில்லை, மழை வரும் என்று சொல்வது போலச் சொன்னாள். அவளுடைய தோணி சிறிதாகிக்கொண்டு போவதைப் பார்த்தபடி நின்றபோது, நான் அவளை இரண்டாவது தடவையும் தனியாக விடுகிறேன் என்ற நினைப்பு வந்தது. உன்னைப் பிடித்து வைக்க எனக்கு உரிமை இல்லை. நீ போகத்தான் வேண்டும். பூரணத்தின் வீடு இனி உன் வீடு. ஆனால் நெல் ஏற்ற இறக்க இந்தக் கரைக்கு வரும் நாட்களில் அம்மாவின் கையால் ஒருவேளை சாப்பிடாமல் போகாதே. பூரணத்தையும் அடிக்கடி கூட்டிவா. அம்மாவுக்குப் பேச ஆள் வேண்டும். பேசாமல் இருந்து இருந்து அவள் இப்போது கொஞ்சமாகத்தான் பேசுகிறாள், பேசும்போது நெருப்பாகப் பேசுகிறாள்.

இன்னும் சில விஷயங்கள். எஞ்சின் கொதிக்கும்போது ரேடியேட்டர் மூடியை அவசரப்பட்டுத் திறக்காதே. முதலாளி காத்திருப்பார், நெல்லும் காத்திருக்கும், கண் போனால் வராது. கொதித்த எஞ்சினுக்குள் பச்சைத் தண்ணீரை வார்க்காதே, இரும்பு வெடித்துவிடும், ஆறட்டும். லொறியில் எப்போதும் ஒரு பீப்பாய் கிணற்றுத் தண்ணீர் வைத்திரு. மாதத்துக்கு ஒரு முறை குளிக்கும்போது உன் உடம்பை நன்றாகப் பார்த்துக்கொள், முதுகை அவளைப் பார்க்கச் சொல். பயந்துகொண்டு பார்க்க வேண்டாம், லொறியைப் பார்ப்பது போலப் பார். எங்கேயாவது வெளிறியிருந்தால், தொட்டால் தெரியாவிட்டால், அன்றைக்கே டாக்டரிடம் போ. என்னைப் போலப் பொய் சொல்லாதே. நேரத்தோடு வருகிறவர்களுக்கு நல்லது என்று இங்கே டாக்டர் ஐயா சொல்கிறார். பூரணத்திடம் கோபம் வந்தால் லொறியை எடுத்துக்கொண்டு வெளியே போகாதே, வீட்டிலேயே இருந்து சண்டை பிடி. நானும் அம்மாவும் ஒழுங்காகச் சண்டை பிடித்து முடிக்கவே இல்லை. பாதியில் என்னைத் தோணியில் ஏற்றிவிட்டார்கள். அதற்காகத்தான் அவள் மிச்சத்தை வேலியருகே வந்து பிடிக்கிறாள்.

இனி நான் சொல்ல நினைத்ததைச் சொல்கிறேன். அன்று வேண்டாம் என்று சொன்னேன். அது பிழை. கூட்டிக்கொண்டு வா. மாரி தொடங்குவதற்கு முன் வாருங்கள், பிறகு காற்றில் தோணி ஆடும், அவளுக்குப் பழக்கமிருக்காது. காலையில் வந்தால் வெயில் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும். வெறுங்கையோடு வாருங்கள், இங்கே எல்லாம் இருக்கிறது. நான் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு துறையடியில் நிற்பேன், கொட்டிலுக்குள் ஒளிந்திருக்க மாட்டேன். என்னைப் பற்றி அவளுக்கு முன்கூட்டியே எதுவும் சொல்லிப் பழக்க வேண்டாம். அவள் திடுக்கிட்டால் திடுக்கிடட்டும். நீ குறுக்கே வராதே. அவள் கொஞ்ச நேரம் வாவியைப் பார்த்துக்கொண்டு நின்றாலும் நான் நிற்பேன். பிறகு அவள் என்னை மாமா என்று கூப்பிட வேண்டும். அந்தக் குரல் எப்படி இருக்கும் என்று நான் இப்போதிருந்தே காது கொடுத்துக்கொண்டு இருக்கிறேன்.

உன் அப்பா